நல்ல தண்ணி வீட்டுப் பத்திரம்

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள், வாசல் எந்தத் திசை என்று கேட்பதற்கு முன்னால் குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பார்கள். தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த ஊர்கள். ஆம்பூரானாலும் வாணியம்பாடியானாலும் எத்தனையோ தெருக்களில் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி கொத்தாகக் கையோடு வரும். கல்யாணமாகி வந்ததிலிருந்து வாணியம்பாடியில் வாடகை வீடு மாற்றி வாடகை வீடு, கேன் மாற்றிக் கேன் என்றே என் காலம் ஓடியது.

அதனால் ஆம்பூரில் விலைக்கு வந்த அந்த வீட்டுப் பின்பக்கக் குழாயில் கையேந்திக் குடித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் தித்தித்தது. சத்தியமாகத் தித்தித்தது.

"இன்னாங்க இது, இளநி மாதிரி இருக்குது!" என்று எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு டேனரியில் எலக்ட்ரீஷியன். அதிகம் பேசாத மனுஷன். குடித்துப் பார்த்தார், இன்னொரு தடவை குடித்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டை விற்கிறவர் ஒரு பெரியவர். வெள்ளைத் தாடி, தணிந்த குரல். ஒரு காலத்தில் தோல் வியாபாரம் செய்தவர். "போர் இல்லம்மா, கெணறு. எங்க அப்பா காலத்துது. மோட்டார் மட்டுந்தான் நான் வெச்சது" என்றார். வீட்டில் பெண்கள் யாரும் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று எல்லோரும் பெங்களூர் போயிருக்கிறார்களாம். அவரே அடுப்படிக்குப் போய் ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொண்டுவந்தார். பிள்ளை ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருக்கிறான், ஆர்டர் கம்மியாகிவிட்டது, அதற்காகத்தான் விற்பது என்று அவரே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஈஸ்டர் முடிந்த கையோடு அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்தோம். எனக்கு அந்த வீட்டில் இரண்டே ஆசைகள். ஒன்று அந்தத் தண்ணீர். இன்னொன்று கிறிஸ்துமஸ் ஸ்டார். கேட்டால் சிரிப்பீர்கள். இத்தனை வருஷமும் யார் யார் வீட்டு வாசலிலோ, அவர்களிடம் பர்மிஷன் கேட்டு, ஸ்டார் கட்டியிருக்கிறேன். இப்போது இருக்கிற வீட்டு ஓனர், "ஸ்டார் கட்டிக்கங்க, ஆனா ஆணி அடிக்காதீங்க" என்றவர். ஆணி அடிக்காமல் ஸ்டாரை ஆகாயத்திலா தொங்கவிடுவது? இந்த வருஷம் என் சுவரில் என் ஆணி என்று முடிவு செய்துவிட்டேன். ஓனரும் அதற்குத் தோதாக, தன் மகள் குடும்பத்தோடு வருகிறாள், கிறிஸ்துமஸுக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். சரிதான், கர்த்தர் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார் என்று நினைத்தேன்.

வக்கீல் குறுக்கே வருவார் என்று நினைக்கவில்லை.

இரண்டு தரப்புக்கும் அவர் ஒருவர்தான் வக்கீல். எங்கள் ஊரில் இது சகஜம். பெண் வீடு, பிள்ளை வீடு இரண்டுக்கும் ஒரே சமையல்காரர் மாதிரி. ஐம்பது வயது, தங்க ஃப்ரேம் கண்ணாடி, சிரித்த முகம். கோர்ட்டுக்குப் போகிற சாலையில் மாடியில் ஆபீஸ். எதைக் கேட்டாலும், "ஒண்ணும் பிரச்சன இல்லம்மா, ரெண்டு நாள் பொறுங்க" என்பார். முதல் தடவை கேட்டபோது அந்த வார்த்தை வயிற்றில் பால் வார்த்தது.

வில்லங்கச் சான்று போட்டிருக்கிறேன், ரெண்டு நாள் பொறுங்க. மூலப் பத்திரத்தில் ஒரு எல்லை அழிந்திருக்கிறது, நகல் கேட்டிருக்கிறேன், ரெண்டு நாள். நகல் வந்தது, அதில் பழைய சர்வே நம்பர், தாலுகா ஆபீசில் சொல்லியிருக்கிறேன், ரெண்டு நாள். இப்படியே வெயில் காலம் முடிந்து ஸ்கூல் திறந்துவிட்டது. நான் ஷூ ஃபேக்டரியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். ஒரு லைனில் ஒரு மிஷின் நின்றால் பின்னாடி இருக்கிற எல்லா மிஷினும் நின்றுபோகும், அந்த நிமிஷமே மேனேஜர் கழுத்தைப் பிடிப்பார். இந்த மனுஷனைப் பிடிக்க ஆளே இல்லையா என்று வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு அவர் மாடிப்படி ஏறினேன். உட்காரச் சொல்லி, ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"எல்லாம் ரெடிம்மா. ஆனா ஆடி பொறக்கப் போவுது. ஆடில பத்திரம் வாணாம்."

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"சார், நாங்க கிறிஸ்தவங்க."

"தெரியும்மா."

"விக்கிறவரு பாய்."

"அதும் தெரியும்."

"அப்ப ஆடி யாருக்கு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நல்ல காரியம் நடக்குது. எதுக்கு ரிஸ்க்குன்னுதான்" என்றார். அட ஆண்டவரே! படிகளில் இறங்கும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் வீட்டை வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரியவருக்கே ஃபோன் போடச் சொல்லி எங்கள் வீட்டுக்காரரை நச்சரித்தேன். போட்டார். ஆனால் எடுத்தது மகன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். அடுத்த வாரம், தூங்குகிறார் என்றான். ஆடி முடிந்து ஆவணியும் வந்தது. இப்போது பெங்களூரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்றான். வக்கீலும் அதையே சொன்னார். "பெரியவரு பெங்களூர்ல இருக்காரு. வந்ததும் ஒரே கையெழுத்து. ஒண்ணும் பிரச்சன இல்லம்மா."

பேங்க்காரர் வேறு, லோன் சாங்ஷனுக்குக் கெடு முடியப் போகிறது என்று மெசேஜ் அனுப்பினார். ஓனரம்மா மாடியிலிருந்து, "வீடு முடிஞ்சிதா, முடிஞ்சிதா?" என்று தினமும் கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "நான் ஆம்பூர் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

"எதுக்கு? அவருதான் ஊர்ல இல்லையே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"கெணறு ஊர்லதான இருக்குது. ஒரு பாட்டில் தண்ணி புடிச்சிக்கினு வர்றேன். அட்வான்ஸ் குடுத்ததுக்கு அதாவது கெடைக்கட்டும்."

பைபிள் இருந்த பையிலேயே ஒரு காலி பாட்டிலையும் வைத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தது மருமகள். நான் இன்னார் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "அவரு இல்ல, சாயந்திரம் வாங்க" என்று கதவைச் சாத்தப் பார்த்தாள். அதற்குள் உள்ளேயிருந்து உருதுவில் ஒரு குரல், யார் என்று கேட்டது. அப்புறம் தமிழில், "பொம்பளைதானே? உள்ள வரச் சொல்லு."

உள் அறையில் திரையை விலக்கிக்கொண்டு போனேன். கட்டிலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவை, தலையில் வெள்ளைத் துணி. கையில் வளையல் இல்லை, காதில் தோடு இல்லை. விரல்களில் ஜெபமாலை மாதிரி தஸ்பீஹ் மணி மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் லைனில் பாதிப் பேர் முஸ்லிம் பெண்கள். அதில் ஒருத்தி புருஷன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் வேலைக்கு வரவில்லை. வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது, வெளி ஆண்கள் பார்க்கக் கூடாது. இத்தா. அவள் இத்தா இருந்தபோது நானே பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அவளும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்த மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத்தான் இந்த வக்கீல் இத்தனை நாளாகப் பெங்களூரில் வைத்திருந்தார்.

"உக்காரு, பேட்டி" என்றார் அந்த அம்மா. மகளே என்று உருதுவில் கூப்பிடுவது. "நீ யாரு? அப்பர் தைக்கிற விஷயமா வந்தியா?"

எனக்கு அழுகையும் பதற்றமுமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "இல்லம்மா. நாங்க வீடு வாங்குறவங்க. அய்யா கிட்ட அக்ரிமென்ட் போட்டவங்க. அய்யா தவறிட்டாருன்னு எங்களுக்கு யாருமே சொல்லலம்மா."

பின்னால் மருமகள், "அக்கா! அக்கா!" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எந்த வீடு?" என்றார் அந்த அம்மா.

ஏசப்பா! பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. எந்த வீடு என்று கேட்கிறார். அவர் உட்கார்ந்திருக்கிற வீடு. இத்தா முடிகிற வரை வாசல்படி தாண்டாமல் இருக்கிற வீடு. அதை விற்கப் பேசியதே அவருக்குத் தெரியாது. புருஷன் சொல்லவில்லை, பிள்ளை சொல்லவில்லை, வக்கீல் சொல்லவில்லை. சர்ச்சுக்குப் போய்விட்டு, கையில் காலி பாட்டிலோடு வந்த நான் சொல்லியிருக்கிறேன்.

மணி உருட்டுவது நின்றிருந்தது. "எப்பப் பேசினது?" என்றார்.

"ஈஸ்டருக்கு... ஏப்ரல் மாசத்துலம்மா. நீங்க பெங்களூர்ல இருந்தப்ப."

"ம்ம்." "நான் ஊர்ல இல்லாதப்ப" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார். அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. மருமகளைப் பார்த்து, "அவளுக்குத் தண்ணி குடு" என்றார். அந்தத் தண்ணீரை நான் எப்படிக் குடித்தேனோ, எனக்கே தெரியாது.

கிளம்பும்போது கேட்டார். "ஆபீசுக்கு நானும் வரணுமா?"

"நீங்க வந்தாதாம்மா ஆவும்."

"சரி. இத்தா முடியட்டும். வர்றேன்."

அங்கிருந்தே வக்கீலுக்கு ஃபோன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, தெரு நடுவில் நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். "செத்தவர உசுரோட பெங்களூர்ல வெச்சிருந்தியேய்யா, நீ மனுஷனா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் எனக்கு அதைவிட அதிர்ச்சி.

"பையன் கெஞ்சினாம்மா. தெரிஞ்சா நீங்க வாணாம்னு ஓடிருவீங்கன்னு பயந்தான். வாரிசு சர்ட்டிபிகேட் எல்லாம் வாங்கிட்டேன். தங்கச்சி கையெழுத்துக்கு ரெடி. அந்தம்மாவுக்கு எட்டுல ஒரு பங்கு. அவங்க ஒரு கையெழுத்துதான் பாக்கி. இத்தால இருக்கிறவங்கள ஆபீசுக்கு இஸ்துக்கினு வர முடியுமா, சொல்லுங்க? அதான் ரெண்டு நாள், ரெண்டு நாள்னு சொன்னேன்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"புள்ள சொன்னா கேட்டுப்பாங்கம்மா. அந்தக் காலத்து மனுஷி. ஒண்ணும் பிரச்சன இல்ல."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. கையெழுத்துப் போட வருகிறேன் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்குள் கட்டாயம் காலி செய்கிறோம் என்று ஓனரிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பேங்க்கில் எங்கள் வீட்டுக்காரர் போய் நின்று கெடு வாங்கினார். நான் ஸ்டார் வாங்கிவிட்டேன். பெரிய ஸ்டார், உள்ளே பல்பு போடுவது. கூடவே நாலு ஆணியும்.

நவம்பர் கடைசியில் இத்தா முடிந்தது. முடிந்த மறுவாரமே பத்திரத்துக்கு டோக்கன் போட்டார் வக்கீல். சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாதான். கறுப்பு புர்கா, முகம் திறந்திருந்தது. புருஷன் போனபின் அவர் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை என்று மருமகள் என் காதில் சொன்னாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் வழக்கம் போல லேட்.

மகன் கையெழுத்துப் போட்டான், கைரேகை வைத்தான். பெங்களூரிலிருந்து வந்த மகளும் வைத்தாள். அந்த அம்மா முறை வந்தது. ரிஜிஸ்ட்ரார் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"சொத்த விக்கிறதுக்கு உங்களுக்குச் சம்மதமாம்மா?"

அந்த அம்மா மகனைப் பார்த்தார். ரிஜிஸ்ட்ரார் நிமிர்ந்து பார்த்து இன்னொரு தடவை கேட்டார். மகன், "சம்மதம் சார்" என்றான். "அவங்க சொல்லட்டும்" என்றார் ரிஜிஸ்ட்ரார்.

"இத்தினி நாள்ல" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "அவரு என்னைக் கேக்கல. என் புள்ள கேக்கல. வக்கீலு கேக்கல. நீங்கதான் சார் மொத மொதக் கேக்குறீங்க. கேட்டதால சொல்றேன். எனக்குச் சம்மதம் இல்ல."

மகன் "அம்மீ!" என்று கத்தினான். ரிஜிஸ்ட்ரார் கையை உயர்த்தினார். "இல்லன்னு சொல்லிட்டாங்க. பதிய முடியாது. அடுத்த டோக்கன்." எங்கள் பெயர் டைப் அடித்த பத்திரத்தை எடுத்து மடித்து எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். கிணறு, ஆணி, ஸ்டார் எல்லாம் இரண்டு வார்த்தையில் போய்விட்டது. அந்த அம்மாவைப் பார்த்து, நீங்கதானே வர்றேன்னு சொன்னீங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. வருகிறேன் என்றார், வந்தார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீல் எங்களை மடக்கினார். முகத்தில் அதே சிரிப்பு.

"ஒண்ணும் பிரச்சன இல்லம்மா. பெரியவரு போட்ட அக்ரிமென்ட் நம்ம கையில இருக்குது. அந்தம்மா மேல ஒரு கேஸ் போட்டுட்டா, தானா வந்து கையெழுத்துப் போடுவாங்க. ரெண்டே வாய்தா."

ரெண்டு நாளுக்கே எட்டு மாதம் ஆக்கிய மனுஷன் ரெண்டு வாய்தா என்கிறார்! நான் வாயைத் திறப்பதற்குள், ஜென்மத்தில் யாரிடமும் சத்தம் போடாத எங்கள் வீட்டுக்காரர், கையில் இருந்த பத்திரத்தை நாலாகக் கிழித்து அவர் சட்டைப் பையில் திணித்தார்.

"ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாது சார். நீங்க போங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு வந்த அதிர்ச்சிகளில் அதுவும் ஒன்று.

எங்கள் வீட்டுக்காரர் பைக்கை எடுக்கப் போனார். நான் கேட்டருகே நின்றேன். அந்த அம்மா தனியாக நின்றுகொண்டிருந்தார். மகன் கோபத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டானாம். மகளும் மருமகளும் அவனைச் சமாதானம் பண்ண ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள். அந்த அவசரத்தில் இவரை மறந்துவிட்டார்கள். சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"பேட்டி, வீட்டுக்கு எந்தப் பக்கம் போவணும்? நான் தனியா வந்ததில்ல."

எந்த வீட்டுக்கு என்று திருப்பிக் கேட்கலாம் போல நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, அவரை ஏற்றி, எங்கள் வீட்டுக்காரரை முன்னால் போகச் சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு தடவை என் கையைப் பிடித்து, "அட்வான்ஸ நான் குடுக்க வெக்கிறேன், கவலப்படாதே" என்றார். சொன்னபடி அது முழுசாகத் திரும்பி வந்தது. வக்கீல் வழியாக வராததால் சீக்கிரமே வந்தது. அது அப்புறம்.

வீட்டு வாசலில் இறங்கினோம். புர்காவுக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்து அவரே பூட்டைத் திறந்தார். "உள்ள வா" என்றார். நான் குடிவர வேண்டிய வீட்டுக்குள் விருந்தாளியாக எப்படிப் போவது? வாசலிலேயே நின்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. உள்ளே மோட்டார் போடுகிற சத்தம் கேட்டது. ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் கொடுத்தார்.

அண்ணாந்து குடித்தேன். கண்ணில் வந்ததும் வாயில் போனதும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அப்படியும் தித்தித்துத் தொலைத்தது, பாழாய்ப்போன தண்ணீர்.